பெட்டியில் சொன்ன நிறத்தையே பூசியும் ஹரிக்கேன் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, ஒரு ஹரிக்கேன் (இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கியிருக்கிறீர்கள். பர்மா முனையில் இந்திய விமானப்படை ஓட்டிய விமானமாக அதை முடிக்க ஆசை. பெட்டியில் போட்டிருந்த நிறங்களையே தேடிப் பிடித்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக வாங்கி, தூரிகையால் பூசினீர்கள். கடைசியில் பார்த்தால் கரும்பச்சையும் காப்பிக்கொட்டை நிறமுமாக இருண்டுபோன ஒரு பொம்மை நிற்கிறது, தூரிகைக் கோடு வேறு தெரிகிறது, காரைக்குடி வெயிலில் பெயிண்ட் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் கருவி) வாங்கினால் சரியாகுமா, வேறு கம்பெனி பெயிண்ட் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கிற கேள்வி, சரியான நிறத்தைப் பூசியும் அது ஏன் தப்பாகத் தெரிகிறது என்பதுதான். அதைப் பேசினால் மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

நான் கோட்டையூர்க்காரன். பழைய வீடுகளின் முகப்பில் இருக்கும் சுதை உருவங்களுக்கு வண்ணம் புதுப்பிப்பது தொழில். பிளாஸ்டிக் மாடல் கட்டுவது பல வருடமாக இருக்கிற பழக்கம். இரண்டையும் செய்கிறவனுக்கு இரண்டும் ஒரே வேலை என்பது சீக்கிரம் புரிந்துவிடும். முகப்பு வளைவில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்துக்கொண்டு ஒரு சிப்பாய் நிற்பான், பார்த்திருப்பீர்கள். அவன் சட்டைக்கு ஒரே சிவப்பை அடித்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கித் தெருவில் நின்று பார்த்தால் சட்டை தெரியாது, ஒரு சிவப்புத் திட்டுதான் தெரியும். மடிப்பின் பள்ளத்தில் கொஞ்சம் கருஞ்சிவப்பை ஓட்டி, தோள், முழங்கை மாதிரி மேடான இடங்களில் ஒரு மாற்று வெளுத்த சிவப்பைத் தொட்டுவிட்டால்தான் துணி துணியாகத் தெரியும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தூரத்தில் வெயில் செய்ய வேண்டிய வேலையைப் பெயிண்டரே முன்கூட்டிச் செய்து வைக்கிறார். உங்கள் ஹரிக்கேனுக்கும் தேவை அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். உண்மையான ஹரிக்கேனின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 12.2 மீட்டர். அது நின்றது திறந்த வெளியில், உச்சி வெயிலில். உங்கள் மாடல் 17 சென்டிமீட்டர், நிற்பது அறைக்குள் ட்யூப்லைட் அடியில். நேர் வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும். சாதாரண வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். அந்த வெயிலில் உயிரோடு தெரிந்த கரும்பச்சை, இந்த அறையில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. போதாததற்கு, பெரிய பொருளில் விழும் நிழல், வளைவில் ஓடும் ஒளி, மூட்டுகளில் தெரியும் இருட்டு எல்லாம் சின்ன உருவத்தில் வெளிறிப்போய்விடும். ஆகவே பெட்டியில் போட்ட நிறம் தப்பு என்று நினைக்க வேண்டாம். அது உண்மை விமானத்துக்குப் பூசிய பெயிண்டின் நிறம், அவ்வளவுதான்.

மாடல் கட்டுபவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1:72-க்கு மூல நிறத்தில் 15 சதவீதம் வெளுப்பு, 1:48-க்கு 10 சதவீதம் என்று ஓடும் அந்தக் கணக்கு. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரத்துக் காற்றில் நிறம் மங்கும், அதற்கு ஈடாகத்தான் வெளுக்கிறோம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடலை இரண்டு அடி தள்ளிப் பார்த்தால் அது நிஜ விமானத்தை 144 அடி தள்ளிப் பார்ப்பதற்குச் சமம், தெளிவான நாளில் 144 அடியில் காற்று எந்த நிறத்தையும் மங்க வைக்காது. வெளுக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதை உங்கள் வீட்டு விளக்கில் வைத்துப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெளுப்பதற்கு எல்லோரும் முதலில் எடுப்பது வெள்ளை. சாம்பல் நிறத்துக்கு அது சரி. பச்சையில் வெள்ளையைக் கொட்டினால் சுண்ணாம்பு கலந்த மாதிரி செத்துப்போன ஒரு பச்சை வரும். பச்சைக்குச் சந்தன நிறமோ வெளிர் மஞ்சளோ சேருங்கள், மண் நிறத்துக்கும் அதே சந்தன நிறம் போதும். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டில் ஆரம்பித்து, ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் தடவி, காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பளபளப்புப் போய் மேட்டாக (மினுக்கில்லாமல்) காய்ந்தால் நிறம் மாறித்தான் தெரியும். அப்புறம், ட்யூப்லைட்டில் பொருந்துகிற இரண்டு நிறம் பகல் வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். வளவில் முற்றத்து ஓரமாக, வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து ஒருமுறை, ராத்திரி விளக்கில் ஒருமுறை என்று இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

சரி, எந்த நிறங்கள்? பர்மா முனை ஹரிக்கேனுக்கு மேல்பக்கம் டார்க் எர்த்தும் டார்க் கிரீனும், அடிப்பக்கம் மீடியம் ஸீ கிரே. இது உறுதி. ஹம்ப்ரோலில் 29-ம் 30-ம் மேல்பக்கத்துக்கு, டாமியாவில் எக்ஸ்எஃப்-83 அடிப்பக்கத்துக்கு. வேறு கம்பெனி எடுத்தாலும் பரவாயில்லை, பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறத்தான் செய்கிறது. நான்கு கம்பெனி டார்க் எர்த்தைப் பக்கத்தில் பக்கத்தில் தடவிப் பார்த்தால் ஒன்று செம்மண், ஒன்று களிமண், ஒன்று சாக்லேட் என்று நிற்கும். அதனால்தான் கம்பெனி மாற்றினால் சரியாகுமா என்ற கேள்விக்கு ஆகாது என்கிறேன்.

நிறத்தைவிட முக்கியம், எந்த வருடத்து விமானம் என்று முதலில் முடிவு செய்வது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பானிய விமானத்தின் சின்னம் முழுச் சிவப்பு வட்டம். கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துச் சுடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதால், 1942-க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பறந்த விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த தென்கிழக்காசியக் கட்டளையின் (அந்தப் போர்முனைக்கான நேச நாட்டுப் படைத் தலைமை) சின்னம் கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும், அளவிலும் சிறியது. இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை போட ஆரம்பித்தது 1945 தொடக்கத்தில். நீங்கள் செய்ய நினைப்பது 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் இருந்த 1-ஆம் ஸ்குவாட்ரன் விமானம் என்றால் இரட்டை நீலச் சின்னம் போதும், வெள்ளைப் பட்டை கூடாது. பெட்டியில் பட்டை டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) கொடுத்திருக்கிறார்களே என்பதற்காக ஒட்டிவிடாதீர்கள்.

சந்தேகமான பகுதி, அந்தப் பெயிண்ட் சில மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பிறகு எப்படித் தெரிந்தது என்பது. கிடைக்கிற படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து ஃபிலிமில் சில வகை சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறவும் காட்டும், ஆகவே சாம்பலின் அழுத்தத்தை வைத்து இது பச்சை, இது மண் என்று அறுதியிட்டுச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வண்ணப் படம் கிடைத்தாலும் அதன் சாயம் இத்தனை வருடத்தில் மாறியிருக்கும். வெயில் பட்ட பெயிண்ட் வெளுக்கும் என்பது மட்டும் நிச்சயம். அதுவும் உங்களுக்குச் சாதகம்தான், ஒரு மாற்று வெளுத்துப் பூசினால் இரண்டு காரணத்துக்கும் சரியாக வந்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கைவேலை உள்ளவர்கள்கூட இதில் இடறுவதைப் பார்க்கிறேன். பெயிண்ட் உரிந்து அலுமினியம் தெரிகிற மாதிரி வெள்ளிப் புள்ளி வைப்பது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஹரிக்கேனில் விமானி இருக்கைக்குப் பின்னால் உள்ள உடல் பகுதி உலோகம் அல்ல, மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியில் அலுமினியம் எங்கிருந்து வரும்? மாடலை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பின்னுடலில் நீளவாக்கில் மெல்லிய வரி வரியாக மேடு ஓடும், துணிக்கடியில் இருக்கிற மரக் கட்டை அது. அந்த வரிகள் தொடங்குகிற இடத்துக்கு முன்னால், இஞ்சின் மூடியிலும், மெக்கானிக் ஏறி இறங்குகிற இறக்கை அடியிலும் மட்டும் வெள்ளி வைக்கலாம். பின்னால் அந்த வரிகளின் மேட்டில் வெளுத்த நிறத்தை உலர்தூரிகையால் தொட்டுவிட்டால் துணி தானாகத் தெரியும். உலர்தூரிகை என்பது தூரிகையில் பெயிண்டைத் தொட்டு, துணியில் துடைத்து, கிட்டத்தட்டப் பெயிண்டே இல்லை என்கிற நிலையில் மேட்டை மட்டும் வருடுவது.

இப்போது தூரிகைக் கோடு. 1:72-இல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பெயிண்ட் நின்றால், நிஜ விமானத்தில் அது 7 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பான பூச்சு. பொம்மைத் தோற்றத்துக்கு நிறம் எவ்வளவு காரணமோ அதே அளவு இந்தத் தடிப்பும் காரணம். பிளாஸ்டிக் துண்டுகளைப் பூசுவதற்கு முன்னால் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவிடுங்கள், அச்சிலிருந்து பிரிக்கத் தடவிய எண்ணெய்ப் பசை போகும். பிறகு சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் நிறத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஆறு மில்லிமீட்டர் அகலத் தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுங்கள். இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருக்கும். இருக்கட்டும். நன்றாகக் காய்ந்ததும் இரண்டாவது பூச்சைக் குறுக்குத் திசையில் இழுத்து, மூன்றாவது, நான்காவதில் மூடுங்கள். முதல் பூச்சிலேயே மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் கோடு பிறக்கிறது.

நம்ம ஊர் வெயிலுக்குத் தனிப் பக்குவம் உண்டு. சித்திரை, வைகாசியில் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை தூரிகையைத் தொடாமல் இருப்பதே நல்லது, விடியற்காலை வேலைக்கு ஈடில்லை. ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஒரு தட்டில் ஈரத் துணியை விரித்து அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் பெயிண்டை வைத்துக் கலந்தால் நீண்ட நேரம் காயாமல் இருக்கும், உங்களிடம் இருக்கிற தண்ணீர் அக்ரிலிக்குக்கு இது நன்றாக ஒத்துவரும். ரிடார்டர் என்று உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் விற்கிறது, ஒரு சொட்டு போதும், அதிகமானால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஸ்ப்ரே டின் பயன்படுத்தினால் உச்சி வெயிலில் வேண்டாம், துளி காற்றிலேயே காய்ந்து மணல்தாள் மாதிரி சொரசொரப்பாக விழும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அடித்தால் வேறு தொல்லை, வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற என்சி தின்னரையோ பெட்ரோலையோ மாடல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கிட் செய்திருப்பது பாலிஸ்டைரீன், இரண்டும் அதைக் கரைத்துவிடும். கதவுக்கு அடிக்கிற எனாமலும் வேண்டாம், அதன் தடிப்பில் பேனல் கோடெல்லாம் (தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) மூழ்கிப்போகும். டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் உண்டு, அதற்கு அதன் தின்னரே சரி. வயெஹோ (Vallejo) மாதிரி தண்ணீர் அக்ரிலிக்கில் அந்தத் தின்னரை ஊற்றினால் தயிராகத் திரிந்துவிடும். எந்தப் பாட்டிலோ அந்தக் கம்பெனித் தின்னர் என்று பழகிக்கொள்வது நல்லது.

பேனல் கோடுகளுக்கும் மூட்டுகளுக்கும் நிழல் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்கு முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. டெக்காலையும் இந்தப் பளபளப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும், மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிப் படலமாக மினுங்கும். டெக்கால் காய்ந்த பிறகு, கரும்பழுப்பை நன்றாகத் தண்ணீராக்கி, நுனித் தூரிகையால் கோட்டின் ஒரு முனையில் தொடுங்கள், அதுவாகவே ஓடிவிடும். இதற்குக் கறுப்பை எடுக்காதீர்கள், கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். ஸ்டேஷனரிக் கடைப் போஸ்டர் கலரே போதும், பிடிக்கவில்லை என்றால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். பொதுவாகவே சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் மாடலில் எங்கும் வேண்டாம். டயருக்குக் கருஞ்சாம்பல், எக்ஸாஸ்ட் குழாய்க்குத் துருப்பழுப்பு.

துருவுக்கும் தூசிக்கும் சின்னச் சின்னப் புட்டியில் பொடி விற்கிறார்கள். பழுப்பு, சிவப்பு, மஞ்சள் வகைகளில் பெரும்பாலும் இருப்பது இரும்பு ஆக்சைடுதான். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சிவப்பு கொடுக்கிறதும் ரெட் ஆக்சைடு தரைக்குப் போடுகிறதும் அதே பொருள். ஒரு சிட்டிகை வாங்கி மெல்லிய துணியில் சலித்தால் வருடக்கணக்குக்கு வரும். ஆனால் இம்பாலில் நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்கு நம் செம்மண் நிறம் பொருந்தாது. அந்தப் பள்ளத்தாக்கு வண்டல் பூமி, தூசியும் சாம்பல் ஓடிய பழுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஏர்பிரஷ் பற்றி என் கருத்துக்குக் கொஞ்சம் எடை குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், நான் பெரும்பாலும் கைத்தூரிகைக்காரன். வாங்கினால் 0.3 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், ஆவி வடிகட்டும் மாஸ்க், காற்றோட்டமான இடம், இவை அடிப்படை. பெரிய பரப்பில் சீரான பூச்சு வரும் என்பது உண்மை. ஆனால் பச்சையும் மண்ணும் சந்திக்கிற விளிம்பு மென்மையாக வர ஏர்பிரஷ் இல்லாமல் முடியாது என்று சொல்வதை 1:72-க்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. நிஜ விமானத்தில் ஓரங்குல அகலத்துக்கு நிறம் கரைந்து கலந்திருந்தாலும், இந்த அளவில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். தூரிகையால் சுத்தமாக வரைந்த விளிம்பே போதும். முதல் நாலைந்து கிட் தூரிகையில் செய்து கை பழகட்டும், அந்தப் பணத்தில் நல்ல தூரிகை இரண்டும் நல்ல விளக்கு ஒன்றும் வாங்குங்கள். விளக்கில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இப்போது கையில் இருக்கிற ஹரிக்கேனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, பெயிண்டை உரிக்கவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றால் 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, தூரிகைக் கோட்டின் மேடு மட்டும் மழுங்கும் வரை லேசாகத் தேயுங்கள், பின்னுடல் வரிகளில் கை வைக்காமல். கழுவிக் காயவைத்து, பத்துச் சொட்டு டார்க் எர்த்துக்கு இரண்டு சொட்டு சந்தன நிறம், பால் பதம், இரண்டு பூச்சு. பச்சைக்கும் அப்படியே. பழைய இருட்டு நிறத்தைப் பேனல் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்து நடுவில் புதியதைப் பூசினால் நிழல் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் பளபளப்பு வார்னிஷ், டெக்கால், கரும்பழுப்பு ஓட்டம், கடைசியில் மேட் வார்னிஷ், அவ்வளவுதான் மிச்ச வேலை.